பூட்டும் கதவுள்ள ஓர் அறை



செஞ்சி வட்டாரத்துத் தளவானூரிலிருந்து ஒரு தந்தை கடிதம் எழுதியிருக்கிறார். மகள் பொறியியல் கடைசி வருடம். அமெரிக்காவில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறாள், அதற்கு ஜி.ஆர்.இ. என்று ஒரு தேர்வு எழுத வேண்டும், அதை வீட்டிலேயே கணினி முன்னால் உட்கார்ந்து எழுதலாமாம். இவ்வளவையும் சொல்லிவிட்டு, கடைசியில் இரண்டே வரி: "பாடத்தை அவ பாத்துக்குவா. வீட்ல நாங்க என்ன செய்யணும்னு மட்டும் சொல்லுங்க."

வெளிநாட்டுப் படிப்பு பற்றி நமக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை எந்தப் பயிற்சி மையம் நல்லது, எந்த வங்கியில் கடன் சீக்கிரம் கிடைக்கும் என்றுதான் கேட்கும். இவர் கேட்டிருப்பது வேறு. இணையவழித் தேர்வை மகள் ஒருத்தி எழுதினாலும், அன்றைக்கு வீடு முழுவதும் அந்தத் தேர்வில் உட்காருகிறது என்பது இவருக்கு யாரும் சொல்லாமலே புரிந்திருக்கிறது. ஆகவே இந்த இதழின் பக்கம் அவருக்கும், அவரைப் போன்ற பெற்றோருக்கும்.

வெளிநாட்டுத் தேர்வு நம் வாசலுக்கு வந்த கதை நீளமானது. ஐ.சி.எஸ். பதவிக்குப் போட்டித் தேர்வு 1855-இல் தொடங்கியது. இந்தியாவை ஆளப் போகிற அதிகாரிகளுக்கான தேர்வு, ஆனால் நடந்தது லண்டனில் மட்டும். சென்னைப் பையன் எழுத நினைத்தால் கப்பல் கட்டணம், மாதக்கணக்கில் தங்கும் செலவு, கடல் கடந்தால் சாதி விலக்கு என்ற பயம், எல்லாவற்றையும் தாண்டித்தான் முதல் கேள்வியைப் பார்க்க முடியும். இந்தியாவிலும் அதே சமயம் நடத்துங்கள் என்று காங்கிரஸ் 1885-இல் தன் முதல் மாநாட்டிலேயே கேட்டது. பிரிட்டிஷ் காமன்ஸ் சபை 1893-இல் சரி என்று தீர்மானமே போட்டது. அரசாங்கம் அதைக் கண்டுகொள்ளவில்லை. அலகாபாத்தில் முதல் தேர்வு நடக்க 1922 ஆகிவிட்டது. இத்தனைக்கும் கேம்பிரிட்ஜ் தன் பள்ளித் தேர்வுத் தாள்களை 1863-லேயே டிரினிடாட் தீவுக்கு அனுப்பி நடத்தியிருந்தது. தாளை அனுப்பத் தெரியாமல் இல்லை, மனம்தான் இல்லை.

இப்போது தாளே கிடையாது. 2020-இல் கொரோனாவால் தேர்வு மையங்கள் மூடியபோது, ஜி.ஆர்.இ., டோஃபல் ஆங்கிலத் தேர்வு இரண்டையும் நடத்தும் இ.டி.எஸ். நிறுவனம் வீட்டிலிருந்தே எழுதும் முறையைக் கொண்டுவந்தது. கொரோனா போன பிறகும் அது தொடர்ந்தது. டுவோலிங்கோ ஆங்கிலத் தேர்வு தொடக்கத்திலிருந்தே வீட்டுத் தேர்வுதான். இத்தாலியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கான டோல்க் நுழைவுத் தேர்வுக்கும் அதே 2020-இல் வீட்டு வடிவம் வந்தது. அதில் கணினி கேமரா போதாது. கைப்பேசியையும் இன்னொரு கேமராவாக நிறுத்தி வைக்க வேண்டும். அமெரிக்காவில் இளநிலைப் படிப்புக்கான எஸ்.ஏ.டி. மட்டும் வேறு மாதிரி. 2023 முதல் நம் நாட்டில் அதுவும் கணினியில்தான், ஆனால் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மையத்துக்குத்தான் போக வேண்டும்.

தளவானூர்க்காரர் கேட்ட ஜி.ஆர்.இ.க்கே வருகிறேன். 2023 செப்டம்பரிலிருந்து அது 1 மணி 58 நிமிடத் தேர்வு. ஒரு கட்டுரைக்கு 30 நிமிடம், பிறகு மொழிப் பகுதி இரண்டு, கணக்குப் பகுதி இரண்டு, மொத்தம் 54 கேள்விகள். நடுவில் இடைவேளை கிடையாது. தண்ணீர் குடிக்க எழுந்தாலும் கேமராவை விட்டு நகர்ந்ததாகத்தான் கணக்கு.

அந்த நேரம் முழுக்க எங்கோ இருக்கும் ஒரு கண்காணிப்பாளர் கேமரா வழியே பார்த்துக்கொண்டிருப்பார். தேர்வு தொடங்குமுன் அறையைச் சுற்றிக் காட்டச் சொல்வார். நான்கு சுவர், மேசையின் அடிப்பக்கம், கதவு எல்லாம் காட்ட வேண்டும். கதவு சாத்தியிருக்க வேண்டும். திரையில் எதுவும் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதற்காக, முகம் பார்க்கும் கண்ணாடியையோ கைப்பேசியையோ திரைக்கு எதிரே பிடிக்கச் சொல்வார். காட்டி முடித்ததும் கைப்பேசி கைக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட வேண்டும். கணக்குப் போட வெள்ளைத் தாள் கூடாது. அழித்து எழுதும் சின்ன வெள்ளைப் பலகை ஒன்று, அல்லது கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறைக்குள் செருகிய ஒரு தாள், அதன் மேல் அழியும் மார்க்கர். முடிந்ததும் கேமரா முன்னாலேயே துடைத்துக் காட்ட வேண்டும். இருபது ரூபாய்க்குள் முடிகிற அந்த உறையைத் தேர்வு அன்று காலை தேடி அலைய வேண்டாம். முந்தின வாரமே செஞ்சி கடைவீதியில் வாங்கி, அதன் மேல் எழுதி அழித்துப் பழக வேண்டும். மார்க்கரில் நம் பிள்ளைகளின் எழுத்து பெரிதாகப் போகும். ஒரு கணக்குக்கே உறை நிறைந்துவிடும்.

ஹெட்போன் கூடாது. காது இரண்டும் தெரிய வேண்டும். கேமராவுக்குத் தெரியாமல் ஏதாவது ஒளித்திருக்கலாம் என்ற சந்தேகத்தைத் தரும் நகை, தலை அலங்காரம் எதையும் தவிர்க்கச் சொல்கிறார்கள். பரீட்சைக்குப் போகிற பெண்ணுக்குத் தலை வாரி, கனகாம்பரம் வைத்து, ஜிமிக்கி மாட்டி அனுப்புவது நம் வீட்டு வழக்கம். அன்று ஒரு நாள் பூவைச் சாமி படத்துக்கு வைத்துவிடுங்கள் அம்மா. காதோரம் விழும் முடியை இறுக்கிப் பின்னிவிட்டால் போதும்.

வீட்டார் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அந்தக் கதவைப் பற்றித்தான். வேறு ஒருவர் அறைக்குள் வந்தால் தேர்வையே ரத்து செய்ய அவர்களுக்கு உரிமை இருக்கிறது. "பாவம் புள்ள, காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல, காபி குடுத்துட்டு வந்துடறேன்" என்று தம்ளரோடு பாட்டி உள்ளே நுழைவது எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது. அதனால் தாழ்ப்பாள் உள்ளிருந்து போடும்படி இருக்கட்டும். வெளியே தாழ்வாரத்தில் ஒரு பெரியவர் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளட்டும். மளிகைக் கணக்கு கேட்க வருபவரையும், பத்திரிகை வைக்க வரும் உறவினரையும் அவர் வாசலிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

இந்த விதிகளை எழுதியவர்கள் மனதில் இருப்பது, ஆளுக்கு ஓர் அறையும் அதற்கு ஒரு கதவும் உள்ள வீடு. நம் பக்கத்துக் கிராம வீடு பலதும் ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு, வெளியே திண்ணை. கூடத்தில்தான் டி.வி., கூடத்தில்தான் நெல் மூட்டை, கூடத்தில்தான் தாத்தாவின் கட்டில். வெளிநாட்டு விண்ணப்பதாரருக்கு வசதி என்று சொல்லும்போது யாருடைய வசதி என்று கேட்கத் தோன்றுகிறது. இதை ஒரு குறையாகவே பதிவு செய்கிறேன்.

அடுத்து பெயர். இதுவரை சொன்னதெல்லாம் ஒரு வாரத்தில் சரி செய்யக்கூடியது. பெயர் விவகாரத்துக்கு மாதங்கள் ஆகும். தமிழ்க் குடும்பங்கள் அதிகம் தடுக்கி விழுவதும் இங்கேதான்.

நம் வழக்கம் முன்னெழுத்து. பள்ளியில் கு. செல்வி. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் செல்வி கே. ஆதாரில் வெறும் செல்வி. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட்டு, பெயர்க் கட்டத்தில் செல்வி. அப்பா பெயர் குப்புசாமி ஒரு இடத்தில் 'சாமி', இன்னொரு இடத்தில் 'ஸ்வாமி'. ஊருக்குள் யாருக்கும் குழப்பமில்லை. வெளிநாட்டு விண்ணப்பமோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டத்தை நீட்டும். தேர்வுக் கணக்கில் உள்ள பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்து மாறாமல், இருந்தாக வேண்டும். தேர்வு அன்று கண்காணிப்பாளர் பாஸ்போர்ட்டைக் கேமராவில் காட்டச் சொல்லி ஒப்பிடுவார். பொருந்தவில்லை என்றால் எழுத விடமாட்டார். கட்டிய பணமும் போகும்.

பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு பெயர் இருந்தால் அதோடு முடிவதில்லை. அமெரிக்க விசாவில் அந்த ஒரு பெயரைக் குடும்பப் பெயர் இடத்துக்குத் தள்ளிவிட்டு, முதல் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று அடித்துவிடுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். பெற்றவர்கள் ஆசையாகச் சூட்டிய பெயர் இருக்க, பிள்ளையின் ஆவணத்தில் அவளுக்குப் பெயர் தெரியவில்லை என்று இருக்கும். ஐக்கிய அரபு அமீரகமும் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருகிறவர்களை அனுமதிப்பதில்லை என்று 2022 நவம்பரில் அறிவித்தது. துபாயில் சொந்தம் உள்ள வீடுகளுக்கு இது தெரிந்திருக்கும்.

எனவே தேர்வுத் தேதி பதிவு செய்யுமுன் பாஸ்போர்ட். புதிதாக எடுக்கிறவர்கள் முன்னெழுத்தை விரித்து அப்பா பெயரையோ அம்மா பெயரையோ குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டுவிடுங்கள். பழையது இருந்தால் திருத்தி வாங்குங்கள். காவல்துறை விசாரணை, தபால் என்று நாள் இழுக்கும். பிறகு தேர்வுக் கணக்கு, பல்கலைக்கழக விண்ணப்பம், வங்கிச் சான்று எல்லாவற்றிலும் அதே எழுத்துகள். பட்டச் சான்றிதழில் முன்னெழுத்தாகவே இருந்தால், இரண்டும் ஒருவரே என்று நோட்டரி முன் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தளவானூர் மலையில் குகைக் கோயில் குடைந்த பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் இந்தக் காலத்தில் விண்ணப்பித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். இந்த ஊர்க் கல்வெட்டில் அவன் சத்ருமல்லன். கோயிலுக்கும் சத்ருமல்லேஸ்வராலயம் என்றே பெயர். அதிகம் தள்ளிப் போக வேண்டாம், மண்டகப்பட்டில் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று சொல்லும்போது விசித்திரசித்தன். திருச்சி மலைக்கோட்டையில் குணபரன். மூன்று கல்வெட்டையும் இணைத்து அனுப்பியிருந்தால், ஆவணங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று பதில் வந்திருக்கும்.

தேதி, நேர விஷயத்தில் மூன்று சூட்சுமம் உண்டு. 03/04 என்று அமெரிக்கப் பல்கலைக்கழகம் எழுதினால் அது மார்ச் 4. நாம் ஏப்ரல் 3 என்று படிப்போம். கடைசித் தேதி நள்ளிரவு 11.59 என்றால் அது அவர்கள் ஊர் நள்ளிரவு. நியூயார்க் நேரப்படி என்றால் குளிர்காலத்தில் நமக்கு மறுநாள் காலை 10.29. ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடுவார்கள். அதற்கு முன் ரோமில் காலை 9 என்றால் இங்கே பகல் 1.30, அதன் பின் 12.30. இத்தாலித் தேர்வு எழுதும் பிள்ளைகள் மார்ச் மாதத்தில் இதைக் கவனிக்க வேண்டும்.

இதைவிடப் பெரியது மழை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் கடைசித் தேதி டிசம்பர் 1, டிசம்பர் 15 என்று வரும். நமக்கு அது வடகிழக்குப் பருவமழையின் உச்சம். 2024-இல் ஃபெஞ்சல் புயல் கரையேறியது நவம்பர் 30 இரவு. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் மட்டும் 51 செ.மீ. மழை. மின்கம்பம் சாய்ந்து, கைப்பேசிக் கோபுரம் அணைந்து, சாலை அறுந்து கிடந்த அந்த நாட்களில் எந்த விண்ணப்பத்தை எந்த இணையத்தில் அனுப்புவது? கணினி முன் உட்கார்ந்து எழுதும் தேர்வை நவம்பருக்குத் தள்ளிப்போடுவது நம் பக்கத்தில் சூதாட்டம். ஆகஸ்ட், செப்டம்பரில் எழுதிவிடுங்கள். மதிப்பெண் 5 வருடம் செல்லும் என்பதால் முந்தியே எழுதுவதில் நஷ்டம் ஏதுமில்லை. சரியாக வராவிட்டால் மறுபடி எழுதவும் நாள் இருக்கும்.

ஆகஸ்ட் என்றால் ஆடி முடிந்திருக்கிறதா என்று பாருங்கள். கூழ் ஊற்றும் திருவிழாவில் கூம்பு ஒலிபெருக்கி உங்கள் தெருக் கம்பத்தில் கட்டியிருந்தால், எந்தத் தாழ்ப்பாளும் அதைத் தடுக்காது. கோயில் கமிட்டியில் உள்ளவர்களிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொன்னால் இரண்டு மணி நேரம் நிறுத்திவைப்பார்கள். நம் ஊரில் படிக்கிற பிள்ளைக்கு என்றால் இல்லையென்று யாரும் சொல்வதில்லை.

மின்சாரத்துக்கு வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள் எது என்று துணைமின் நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அன்று காலை 9 மணிக்குப் போனால் சாயங்காலம்தான் வரும். இன்வெர்ட்டர் உள்ள வீட்டிலும், வைஃபை பெட்டியின் பிளக் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று பலர் பார்த்திருக்க மாட்டார்கள். மின்விசிறி ஓடும், விளக்கு எரியும், இணையம் மட்டும் செத்துக் கிடக்கும். மெயின் சுவிட்சை அணைத்து ஒரு முறை சோதித்தால் தெரிந்துவிடும். கணினி சரிப்படுமா என்று பார்க்க இ.டி.எஸ். தளத்திலேயே ஒரு சோதனை உண்டு. அதைத் தேர்வு எழுதப்போகும் அதே அறையில், அதே மேசையில், அதே நேரத்தில் செய்து பாருங்கள். பள்ளியில் அரசு கொடுத்த பழைய மடிக்கணினியை நம்பி இருப்பவர்கள் பதிவு செய்யுமுன்பே இதைச் செய்வது நல்லது.

இனி பெண்ணுக்கு. பாடத்தை நீ பார்த்துக்கொள்வாய் என்று அப்பா சொல்லிவிட்டார், அதில் நான் தலையிடவில்லை. கணக்கு, பள்ளியில் படித்த கணக்குதான். மொழிப் பகுதிதான் தமிழ்வழியில் படித்தவர்களை வதைக்கும். அதற்குச் சொல்பட்டியலை உருப்போடுவதைவிட நல்ல ஆங்கிலக் கட்டுரைகளை நிதானமாகப் படிப்பது மேல் என்பது என் கட்சி. அதையும் அச்சில் அல்ல, திரையில் படி. கட்டுரையை 30 நிமிடத்தில் தட்டச்சு செய்ய வேண்டும். கைப்பேசியில் கட்டைவிரலால் அடித்துப் பழகிய வேகம் அங்கே உதவாது. பவர்பிரெப் என்ற பெயரில் இலவச மாதிரித் தேர்வு இரண்டு உண்டு. அவற்றை வீணாக்காமல் கதவைச் சாத்தி, கைப்பேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, முழு நேரமும் உட்கார்ந்து எழுது.

இன்னொன்று, இதை யாரும் சொல்ல மாட்டார்கள். நாம் வாய்விட்டுப் படித்து வளர்ந்தவர்கள். கஷ்டமான வரி வந்தால் உதடு அசையும். கணக்கு யோசிக்கும்போது கண் கூரைக்குப் போகும், விரல் எண்ணும். கேமராவுக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு அது யாரோடோ பேசுவதாகவும், எதையோ பார்ப்பதாகவும் தெரியலாம். மாதிரித் தேர்வு எழுதும்போது உன்னை நீயே படம் எடுத்துப் பார். எத்தனை முறை முணுமுணுக்கிறாய் என்று தெரிந்தால் சிரிப்பு வரும். சிரித்துவிட்டு, மாற்றிக்கொள்.

வீட்டில் அறை இல்லையா? தயங்காமல் சென்னையில் மையத்துக்குப் போங்கள். அதே தேர்வு, அதே கேள்வி, அதே மதிப்பெண். பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் இரண்டுக்கும் வித்தியாசம் பார்ப்பதில்லை. மையத்தில் மின்சாரம், இணையம், நாற்காலி எல்லாம் அவர்கள் கவலை. முதல் நாளே போய் உறவினர் வீட்டில் தங்கிவிடுவது உத்தமம். புறப்படும் நாள் அமாவாசையா என்று மட்டும் காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். மேல்மலையனூர் அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்குப் போகும் கூட்டத்தில் செஞ்சி பேருந்து நிலையத்தில் ஏறி உட்கார இடம் கிடைப்பது அன்று தெய்வச் செயல்.

இரண்டுக்கும் நடுவே இன்னொரு வழி இருக்கிறது. தேர்வை உங்கள் சொந்த வீட்டில்தான் எழுத வேண்டும் என்று இல்லை. கடை, பூங்கா, பிரவுசிங் சென்டர் மாதிரிப் பொது இடம் கூடாது. தனியாக இருக்கக்கூடிய பாதுகாப்பான வேறோர் இடமாக இருக்கலாம். செஞ்சியிலோ திண்டிவனத்திலோ மாமா வீட்டு மாடி அறை, சித்தப்பா வீட்டில் பிள்ளைகள் வேலைக்குப் போனபின் பூட்டிக்கிடக்கும் அறை போதும்.

அந்த மாதிரி அறை உள்ள வாசகர்களுக்கு இந்தப் பக்கத்தின் வழியே ஒரு வேண்டுகோள். செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம், திருவண்ணாமலை சுற்றுவட்டாரத்தில் உள்ளிருந்து தாழ்ப்பாள் போடும் அறை, மேசை, இன்வெர்ட்டர் லைனில் ஓடும் இணையம், இவை மூன்றும் உங்கள் வீட்டில் இருந்து, தேர்வு எழுதும் பிள்ளைக்கு ஒரு காலைப்பொழுது கொடுக்க மனமிருந்தால் அலுவலக முகவரிக்கு ஓர் அஞ்சலட்டை போடுங்கள். ஊர்ப் பெயரும் தொடர்பு எண்ணும் போதும். விவரத்தை அச்சிட மாட்டோம். கேட்டு எழுதும் பெற்றோருக்கு மட்டும், உங்களைக் கலந்துகொண்டு, தெரிவிப்போம். ஆகஸ்டுக்கு முன் வந்து சேர்ந்தால் இந்த வருடப் பிள்ளைகளுக்கே உதவும்.

அன்புடன்,
ஆசிரியர்